கொடியில் காய்ந்த முகங்கள்

கோரைமேட்டுப் பெண்களை எந்த ஊர்ச் சந்தையில் பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். மூக்குத்தண்டிலும் கன்னத்து மேட்டிலும் தோல் வெடித்து, வெடித்த கோட்டுக்குள் உப்பு வெள்ளையாகப் பூத்து, உதடு இரண்டும் வறண்டு சுருண்டிருக்கும். விடிகிற நேரத்தில் உப்பளத்தில் இறங்கி, பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, வரப்போடு நடந்து, அம்பாரத்தில் கொட்டிவிட்டு மறுபடியும் இறங்கி, கீழே உப்பின் வெள்ளையும் மேலே வெயிலின் வெள்ளையும் கண்ணைக் குத்தக் குத்த மத்தியானம் தாண்டியும் நடக்கிறவர்களின் முகம் வேறு எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் துணிக்குப் போடுகிற சோப்பை முகத்தில் குழைத்துத் தேங்காய் நாரால் வறட்டுவறட்டென்று உரசுவார்கள், உப்புப் போகிறதோ இல்லையோ தோல் போகும், அதைத்தான் முகம் கழுவுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

துணைச் சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்த நர்ஸ் பிரமிளா இதைப் பார்த்து மூன்று நாள் பொறுத்துக்கொண்டாள். நாலாம் நாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெண்களைக் கூட்டி உட்கார வைத்தாள்.

"மூஞ்சி என்ன ஈயச்சட்டியா, நாரு போட்டுத் தேய்க்க?" என்று கேட்டாள். "நல்ல தண்ணி எடுங்க. கையை முதல்ல கழுவுங்க. அப்புறம் மூஞ்சியை நனைச்சி, விரல் நுனியால மெதுவா, வட்டம் வட்டமா. கொஞ்சம் கடலைமாவு போதும், துணி சோப்பு வேண்டாம். துடைக்கும்போது ஒத்தி எடுக்கணும், இழுக்கக் கூடாது. ஈரம் இருக்கும்போதே ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். காலையில ஒருதரம், அளத்தை விட்டு ஏறினதும் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். ஒருநாள் செஞ்சி மறுநாள் விட்டா ஒண்ணும் ஆகாது. தினமும் செய்யணும்."

பெண்கள் கேட்டுக்கொண்டார்கள், சிரித்தார்கள், எழுந்து போனார்கள். செல்லக்கனி மட்டும் நின்று, ஒத்தி எடுக்கிறது என்றால் எப்படி என்று நர்ஸிடம் இன்னொருதரம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனாள்.

செல்லக்கனிக்கு அப்போது முப்பத்துநாலு வயது. பிள்ளை இல்லை. புருஷன் லிங்கதுரை அதே அளத்தில் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவன். அவளுக்கு அளத்தில் ஜோடி ரெஜினா. உப்புக்கூடையை ஒருத்தி தனியாகத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது, எதிரே ஒருத்தி நின்று தூக்கிவிட வேண்டும், அதனால் அங்கே எல்லாரும் ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள். பதினாலு வருஷமாகச் செல்லக்கனியின் தலையில் கூடையை ஏற்றிய கை ரெஜினாவுடையது. ரெஜினா பத்து வயது மூத்தவள், விதவை, ஒரே மகளைக் கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். செல்லக்கனிக்கு அவள் யக்கா. அவளுக்கு இவள் வெறும் "ஏளா."

செல்லக்கனி வீட்டிலிருந்து ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கொண்டுபோய், அளத்தை விட்டு ஏறியதும் வரப்பிலேயே உட்கார்ந்து முகம் கழுவினாள். உப்பளத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் அத்தனையும் உப்புத்தண்ணீர். குடிக்கிற தண்ணீரே லாரியில் வந்தது. அந்தத் தண்ணீரில் முகம் கழுவுகிறவளைக் கங்காணி முறைத்தான், மற்றப் பெண்கள் கிண்டல் செய்தார்கள், ரெஜினா மட்டும் தன் பாட்டிலில் பாதியை அவள் கையில் ஊற்றினாள். பத்து நாளில் எரிச்சல் நின்றது. இருபது நாளில் வெடிப்பு மூடியது. நாற்பத்தோராம் நாள் சாயங்காலம், வீட்டு முற்றத்தில் பச்சைப் பிளாஸ்டிக் பேசினில் குனிந்து கழுவிக்கொண்டிருந்தபோது, காய்ச்சி ஆறிய பாலின் மேல் ஆடை விலகுவதுபோல ஏதோ ஒன்று நெற்றியிலிருந்து விலகிக் கன்னம் வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்தது. செல்லக்கனி கண்ணைத் திறந்து பார்த்தாள். பேசினில் அவள் முகம் மிதந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பகல் முழுவதும் அவள் வைத்திருந்த முகம்தான், அதே களைப்பு, கங்காணி காலையில் சொன்ன ஒரு சொல்லுக்காகப் புருவத்தின் நடுவில் விழுந்த அதே சுளிப்பு. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே இன்னொரு முகம் இருந்தது, ஈரமாகவும் இளசாகவும், இன்னும் எதையும் பார்க்காததாகவும்.

அவள் தண்ணீரில் மிதந்ததை இரண்டு விரலால் தூக்கி, உதறி, துணி காயப்போடுகிற கொடியில் போட்டாள். லிங்கதுரை வேலை முடிந்து வந்து கொடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி கொடியைப் பார்த்தான்.

"கிளிப்பு மாட்டு. கடக்காத்து அடிக்கி, பறந்திரும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

இரண்டு மாதத்துக்குள் கோரைமேட்டில் பதினேழு வீட்டுக் கொடிகளில் முகங்கள் காய்ந்தன. கிண்டல் செய்த பெண்களே கடலைமாவு வாங்கினார்கள், நர்ஸ் சொன்னபடி நாற்பது நாள் விடாமல் செய்தவர்களுக்கு எல்லாம் கழன்றது, நடுவில் ஒருநாள் விட்டவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஆண்கள் அள்ளித் தெளித்துத் தோள்துண்டால் இழுத்துத் துடைக்கிறவர்களாகவே இருந்ததால் ஆண்களுக்குக் கழலவில்லை. நர்ஸ் பிரமிளா வந்து பார்த்து, சுருக்கமாக, புதுத்தோல் நன்றாக வந்திருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

இதற்கென்று ஊரில் முறைகள் உண்டாயின. அன்றன்றைக்கு அன்றன்றைக்குள்ள முகத்தோடுதான் வர வேண்டும் என்று ரேஷன் கடைக்காரர் பலகையில் எழுதி மாட்டினார். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் துவைத்த சேலையோடு பழைய அழுத முகம் ஒன்றையும் எடுத்துப் போனார்கள், அதில் யாரும் தப்புக் காணவில்லை. சவூதியில் இருந்த புருஷனுக்கு ஒருத்தி தன் ஞாயிற்றுக்கிழமை முகத்தைத் தபாலில் அனுப்பினாள், அது போய்ச் சேர்ந்துவிட்டது, தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன் என்று அவன் போனில் சொன்னான். காகங்கள் கொடிப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டன. வெயிலில் கிடந்த முகம் நாலைந்து நாளில் வடகம்போலச் சுருங்கி உதிர்ந்துவிடும், வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஈரத்துணியில் சுற்றிப் பானைக்குள் போட வேண்டும் என்பதை அவரவர் பட்டறிவில் தெரிந்துகொண்டார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டார்கள். வில்சனின் மகள்கள் இருவர், ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி, பத்தாம் வகுப்பில் ஒருத்தி. தங்கச்சிக்குப் பதிலாக அக்காள் அவள் முகத்தை மாட்டிக்கொண்டு போய்க் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். வாத்தியாருக்குத் தெரியவில்லை. மாட்டியதை வீட்டுக்கு வந்து கையால் உரித்துப் போட்டும்விட்டாள். ஆனால் மறுநாள் அவள் முகம் கழுவியபோது தண்ணீரில் முதலில் வந்து விழுந்தது தங்கச்சியின் முகம்தான். அடுத்தவர் முகத்தை ஒருதரம் மாட்டினால், மேலே உரித்தாலும் அடியில் ஒரு பூச்சு தங்கிவிடும், நாள் கணக்கு இல்லாமல் அது முதல் தண்ணீருக்கே வெளியே வரும். அம்மாக்காரி பேசினோடு வந்து பள்ளிக்கூடத்தில் மன்னிப்புக் கேட்டாள். அதோடு அந்த விளையாட்டு நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ரெஜினாவின் கண் போக ஆரம்பித்தது. உப்பின் வெளிச்சம் வருஷக்கணக்காகக் கண்ணில் அடித்து உள்ளே ஏதோ வெந்துபோயிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், இனி அளத்து வெயிலில் நின்றால் இரண்டு வருஷத்துக்கு மேல் பார்வை தாங்காது என்றார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் ரெஜினா அழவில்லை, ஜன்னல் வழியாகப் பனைமரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். செல்லக்கனிதான் அழுதாள். பஸ்ஸில் அழுதாள், இறங்கி நடக்கும்போது அழுதாள், ரெஜினாவின் அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டே அழுதாள், கடைசியில் அங்கேயே முகம் கழுவினாள். கழன்று விழுந்த முகம் தண்ணீருக்குள்ளும் அழுதுகொண்டிருந்தது.

ரெஜினா அதை ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள்.

"ஏளா, இதை எனக்குத் தருவியா?"

"இது என்னத்துக்கு யக்கா?"

"எம் புருஷன் செத்தப்ப எனக்காக ஒருத்தரும் அழல. அவனுக்காகத்தான் அழுதாங்க. எனக்குன்னு ஒருத்தி அழுதது இதுதான். வச்சிக்கிடுதேன்."

செல்லக்கனி தன் பழைய தாவணித்துணி ஒன்றைக் கொண்டுவந்து நனைத்து, அந்த முகத்தை மடிப்பு விழாமல் சுற்றி, ரெஜினாவின் மண்பானைக்குள் தன் கையாலேயே வைத்தாள். தினம் ஒருதரம் துணியை நனைக்கணும் யக்கா என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வருஷம் பங்குனி வெயில் மாசியிலேயே வந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோகிற பாட்டில் தண்ணீர் பத்து மணிக்குக் குடித்துத் தீர்ந்தது, மத்தியானக் கழுவல் நின்றுபோனது, நாள் விட்டுப்போனவர்களுக்கு முகம் கழலாமல் பழைய முகத்தின் மேலேயே உப்பு ஏறிப் புண் வைத்தது. அளத்துக்குள் ஒரு நல்ல தண்ணீர்க் குழாயும் உட்கார்ந்து முகம் கழுவ ஒரு தகரக் கொட்டகையும் வேண்டும் என்று செல்லக்கனி முதலாளி தவசிமணியிடம் போய்க் கேட்டாள்.

"உப்பு அள்ளுத மூஞ்சிக்கு நல்ல தண்ணி கேக்குதா?" என்றார் தவசிமணி.

மறுநாள் காலை அறுபத்துமூன்று பெண்களும் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. விடியும்போது வந்து உட்காருவார்கள், செல்லக்கனி எழுந்து நடந்து எல்லாரும் வந்தாயிற்றா என்று பார்ப்பாள், மத்தியானம் எழுந்து போவார்கள். பாத்திகளில் உப்பு விளைந்து, விளைந்ததன் மேல் மறுபடி விளைந்து, கட்டிபிடித்துக் கிடந்தது. லாரிகள் வந்து வெறுமனே நின்றன. எட்டாம் நாள் தவசிமணியின் ஆள் வந்து, குழாய்க்கு எங்கே பள்ளம் தோண்டலாம் என்று இடம் பார்த்துவிட்டுப் போனான். நாள் விடாமல் கழுவிவந்த பெண்கள் அன்றைக்குச் சிரித்த முகங்களைக் கழுவிக் கொடியில் போட்டார்கள்.

பத்தாம் நாள் காலை செல்லக்கனி வரப்புக்கு வந்தபோது எல்லாரும் பாத்திக்குள் இறங்கி உப்பு சுமந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஒருத்தியின் கையைப் பிடித்து, என்ன நடந்தது என்று கேட்டாள்.

"எங்ககிட்ட கேக்கியே" என்றாள் அந்தப் பெண். கையை உருவிக்கொண்டு போனாள்.

லாரியடியில் நின்ற லிங்கதுரைதான் சொன்னான். முந்தின நாள் சாயங்காலம் மூட்டைக்காரர்கள் பன்னிரண்டு பேரும் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தபோது செல்லக்கனி சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். முதலாளி முன்னால் கைகூப்பி நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. குழாய் வேண்டாம், கொட்டகை வேண்டாம், தெரியாமல் செய்துவிட்டோம், நாளைக்கு எல்லாரும் வந்துவிடுவோம் என்று மெல்லிய குரலில் சொன்னாள். தவசிமணி எழுந்து வாசலுக்கு வந்து, உங்க தலைவியே சொல்லிட்டா, போய்ச் சொல்லுங்க என்று மூட்டைக்காரர்களிடம் சொன்னார். மற்றப் பதினோரு பேரும் தங்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள், பதினோரு வீடு அறுபது வீடானது. தலைவியே காலில் விழுந்த பிறகு யாருக்காக உட்காருவது என்று பெண்கள் கூடையை நிமிர்த்திக்கொண்டார்கள்.

"நான் நேத்து சாயங்காலம் வீட்டை விட்டே வரல" என்றாள் செல்லக்கனி.

"நான் பாத்தேனே."

"என்னத்தைப் பாத்தீரு?"

"ஒம் மூஞ்சியைத்தான் பாத்தேன். பன்னெண்டு வருஷமா பாக்குத மூஞ்சி. எனக்குத் தெரியாதா?" என்றான் லிங்கதுரை. "ராத்திரி நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. சரின்னு விட்டுட்டேன்."

அழுதுகொண்டே இருந்தது என்று அவன் சொன்னபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படி அழுத முகம் அவளுக்கு ஒன்றுதான் இருந்தது. தெரிந்தும் தெரியாததுபோல ரெஜினாவின் வீட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம், பானையைத் திறந்தால் அது உள்ளே இருக்கும், துணி ஈரமாக இருக்கும், யக்கா என்னைப் பார்த்து என்னளா இப்படி மூச்சிரைக்க வருதே என்று கேட்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். ரெஜினா அளத்துக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நான் குடுத்த மூஞ்சி எங்க?"

"அதா? நனைக்க மறந்துட்டேன்ளா. காஞ்சி உதிந்து போச்சி. பொடியைக் கிணத்துல போட்டுட்டேன்." முறத்திலிருந்து அவள் தலை நிமிரவில்லை.

"துணி?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

அந்த வாரத்திலேயே பழைய கங்காணியைத் தவசிமணி வேறு அளத்துக்கு அனுப்பிவிட்டு ரெஜினாவைக் கங்காணி ஆக்கினார். பெண்களைப் பெண்ணே மேய்க்கட்டும் என்றார். வரப்பின் முனையில் ஒரு பெரிய கறுப்புக் குடை, குடைக்கடியில் ஒரு நாற்காலி, ஒரு கறுப்புக் கண்ணாடி. ரெஜினாவின் கண்ணுக்கு நல்லதாகப் போயிற்று என்று எல்லாரும் மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டார்கள், கடவுள் ஒரு கதவைத் திறந்தார் என்று அவளுக்காகக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

செல்லக்கனி நடந்ததைச் சொன்னாள். சொல்லாமல் இல்லை. தண்ணீர்த் தொட்டியில் நின்று சொன்னாள், ரேஷன் வரிசையில் சொன்னாள். கேட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தான் செய்ததை மறைக்கக் குருடாகப் போகிறவள் மேல் பழி போடுகிறாள் என்றார்கள். அவள் கொடியில் முகம் காயப்போட்டால் பக்கத்து வீட்டுக்காரி தன் கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினாள். அளத்தில் அவளுக்கு ஜோடி கிடைக்கவில்லை. கூடையை நிரப்பி வைத்துக்கொண்டு, தூக்கிவிட ஆளில்லாமல், பாதிக் கூடையாகக் குறைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். ஒருநாள் அவளைப் பார்த்து ஒருத்தி துப்பியபோது குடைக்கடியிலிருந்து ரெஜினாவின் குரல் வந்தது.

"விடுங்களா. பாவம், புத்தி கெட்டு ஒருநாள் செஞ்சிட்டா. அதுக்குன்னு அவளைக் கொன்னா போட முடியும்?"

பெண்கள் ரெஜினாவின் பெரிய மனசைப் பற்றி அன்று முழுவதும் பேசினார்கள். துப்பலைத் தாங்கிக்கொண்ட செல்லக்கனிக்கு அந்தப் பாவம் என்ற சொல்லைத் தாங்க முடியவில்லை. இடுப்புக் கூடையை வரப்பில் இறக்கி வைத்துவிட்டுக் குடைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் அன்று முதல் அவள் ரெஜினாவைக் கவனிக்க ஆரம்பித்தாள். குடைக்கடியில் உட்கார்ந்திருந்தும் ரெஜினாவின் கன்னம் வெடித்துக்கொண்டு வந்தது. மூக்குத்தண்டில் உப்புப் பூத்தது. காதோரத்தில் பழைய காலத்துப் புண் திரும்ப வந்திருந்தது. அவள் வீட்டுக் கொடியில் சேலையும் பாவாடையும் காய்ந்தன, முகம் காயவில்லை. நர்ஸ் பிரமிளா நிறுத்தி, ஏன் விட்டுட்டீங்க என்று கேட்டதற்கு, கண்ணுக்குத் தண்ணீர் ஆகாது என்று டாக்டர் சொன்னார் என்றாள். அப்படி எந்த டாக்டரும் சொல்ல மாட்டாரே என்றாள் நர்ஸ். ரெஜினா ஆபீஸுக்குப் போய்வந்த சாயங்காலத்திலிருந்து ஒருநாள்கூட முகத்தில் தண்ணீர் படவிடவில்லை என்பது செல்லக்கனிக்குப் புரிந்தது. இருபத்தாறு நாள்.

மறுநாள் அவள் பச்சைப் பேசினையும் ஒரு குடம் நல்ல தண்ணீரையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அளத்துக்கு வந்தாள். பெண்கள் கஞ்சி குடிக்க உட்கார்கிற நேரம் வரைக்கும் அந்தக் குடத்தைத் தொடவில்லை, குடிக்கக்கூட இல்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகு பேசினைக் கொண்டுபோய்க் குடைக்கடியில் ரெஜினாவின் காலடியில் வைத்துத் தண்ணீரை ஊற்றினாள்.

"யக்கா, மூஞ்சி கழுவி நாளாச்சி. புண்ணு வச்சிருக்கி. வா, நான் கழுவிவிடுதேன்."

கஞ்சித் தூக்குகளின் சத்தம் நின்றது. ரெஜினா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லலாம். கங்காணிதானே, பேசினை எட்டி உதைக்கலாம். ஆனால் இருபத்தேழு நாள் உப்பு அவள் முகத்தில் எரிந்துகொண்டிருந்தது, அறுபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் குளிர்ந்து தெளிவாகக் கிடந்தது. அவள் நாற்காலியை விட்டு இறங்கி மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஏளா, வேண்டாம்ளா" என்று செல்லக்கனிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

செல்லக்கனி முதலில் தன் கையைக் கழுவினாள். பிறகு ரெஜினாவின் முகத்தை நனைத்தாள். புண் இருந்த இடங்களை விட்டு, விரல் நுனியால் மெதுவாக, வட்டம் வட்டமாக, நெற்றியிலிருந்து கன்னத்துக்கும் கன்னத்திலிருந்து தாடைக்கும், நர்ஸ் சொன்னபடி, கோபத்தில் ஓரிடத்தில்கூட அழுத்தாமல் கழுவினாள். தோல் விலகியது. மெல்லிசாக, ஆடைபோல ஒன்று கழன்று தண்ணீரில் விழுந்து, மெதுவாக விரிந்து, கண்ணைத் திறந்தது.

பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். பேசினில் செல்லக்கனியின் முகம் அழுதுகொண்டிருந்தது. செல்லக்கனி கன்னம் காய்ந்து அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஏன் யக்கா?" என்றாள் செல்லக்கனி.

"எங் கண்ணு போவுதுளா. நெழல்ல உக்கார வைக்கேன்னு மொதலாளி சொன்னாரு. எம் மூஞ்சியோட போய் நான் சொன்னா எவ கேப்பா? நீ சொன்னாத்தான் எல்லாரும் கேப்பாவ." ரெஜினா ஈரம் சொட்டச் சொட்டப் பேசினாள். "குழாய் இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வரும்னு நெனச்சேன். கண்ணு வராது. உனக்கு வயசிருக்கு, நீ தாங்கிக்கிடுவேன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே. ஆபீஸுக்கு நானே வந்து உனக்காக நெழல் கேட்டிருப்பேனே."

ரெஜினா பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் மிதந்த முகம் செல்லக்கனி பக்கம் திரும்பவே இல்லை, சுற்றி நின்றவர்களையும் பார்க்கவில்லை, ரெஜினாவை மட்டும் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்றைக்கு அழுததுபோலவே, யக்கா யக்கா என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அழுதது.

"என்னையத்தான் பாக்குது" என்றாள் ரெஜினா.

"அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் செல்லக்கனி.

அவள் தன் தோளில் கிடந்த பருத்தித் துண்டை எடுத்து ரெஜினாவின் முகத்தை ஒத்தி எடுத்தாள். எண்ணெய் இரண்டு சொட்டுத் தடவினாள். பிறகு எழுந்து பேசினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்திக்குள் கவிழ்த்தாள். உப்புத்தண்ணீரில் அந்த முகம் கொஞ்ச தூரம் மிதந்து, ஓரங்கள் கரைந்து, கடைசிவரைக்கும் குடை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு, வெளுத்துப் போயிற்று.

பெண்கள் அன்றைக்கே கூடைகளைக் கவிழ்த்தார்கள். இந்தத் தடவை பதினெட்டு நாள். தவசிமணி நிறையப் பேசினார், அப்புறம் கொஞ்சமாகப் பேசினார், சித்திரை முடிகிறதற்குள் அளத்துக்குள் குழாய் வந்தது, தகரக் கொட்டகையும் வந்தது. கொட்டகையில் பெண்கள் வரிசையாகக் குந்தி முகம் கழுவி, கழன்றதை வரப்போரக் கொடியில் மாட்டிவிட்டு வேலைக்கு இறங்கினார்கள். ரெஜினாவைக் குடையை விட்டு யாரும் துரத்தவில்லை. அவளோடு பேசவும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏறும்போது படி தெரியாமல் தடவினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

செல்லக்கனியிடம் யாரும் மன்னிப்பு என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கொடியைப் பழைய இடத்தில் கட்டினாள். துப்பியவள் ஒரு கிண்ணம் மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். கூடை தூக்கிவிட ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். லிங்கதுரை ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"மூஞ்சியைப் பாத்து நம்பிட்டேன். ஒங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றான்.

"ஆமா, கேட்டிருக்கணும்" என்றாள் அவள். குழம்பு ஊற்றினாள்.

அவள் தினமும் முகம் கழுவினாள். காலையில் ஒருதரம், அளத்தை விட்டு ஏறியதும் கொட்டகையில் ஒருதரம், சாயங்காலம் முற்றத்தில் ஒருதரம். ஆனால் பேசினைப் பாத்தியில் கவிழ்த்த நாளிலிருந்து அவள் தண்ணீரில் எதுவும் விழவில்லை. முதலில் நாள் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, நாற்பது நாளை விரல்விட்டு எண்ணினாள். இன்னொரு நாற்பதும் எண்ணினாள். ஊர்க்கொடிகளில் எல்லாம் பகல்முகங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்க, அவள் கொடியில் துணி மட்டும் காய்ந்தது.

ஆவணியில் நர்ஸ் பிரமிளா நோட்டோடு வந்தாள். அவளை வெளிச்சத்துக்குத் திருப்பி நெற்றியைப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெடிப்பு இல்லை, புண் இல்லை, தோல் மிருதுவாகவும் திடமாகவும் இருந்தது.

"இந்த ஊர்லயே ஒன் தோலுதான் நல்லாருக்கு செல்லக்கனி. ஒழுங்கா கழுவுதியா?"

"தினம் மூணு வேளை கழுவுதேன் நர்ஸம்மா."

"அப்ப மூஞ்சி மட்டும் ஏன் இப்படி இறுகிக் கெடக்கு?"

செல்லக்கனி தன் கன்னத்தை விரல் நுனியால் தொட்டாள்.

"அன்னைக்குக் குடைக்கடியில வச்சிருந்த மூஞ்சி இது" என்றாள். "கழுவிக்கிட்டுத்தான் இருக்கேன். போவ மாட்டேங்கு."